கத்திக்கு முன் மருந்து

(கொழிஞ்சாம்பாறையில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில் வராத ஊரிலிருந்து இரயில்வேக்குக் கணக்கெழுதச் செல்லும் எளிய எழுத்தர் நாம். படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. மருத்துவம் பேச நமக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம்; கேட்பது முறையே. ஆயின், சென்ற ஆடித் திங்களில் நண்பர் ஒருவர் மருத்துவமனைச் சீட்டொன்றை நீட்டி, "தம்பி, இந்த இங்கிலீஷைப் படித்துச் சொல்லு" என்றார். அச்சீட்டே இப்பேச்சுக்குக் காரணம்.

நண்பர் அறுபதை நெருங்குபவர். இளமை முதல் பீடி பிடித்தவர். சிறுநீரில் செந்நிறம் கண்டது. வலி இல்லை. உடம்புச் சூடு என்றெண்ணி நான்கு திங்கள் இளநீர் பருகிக் காலங்கழித்தார். வலியின்றிக் குருதி வருவதே சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதன்மையான அறிகுறி என்பதும், புகையிலையே அந்நோய்க்குத் தலையாய காரணம் என்பதும் அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கோயமுத்தூரில் குழாய் செலுத்திச் சிறிது வெட்டியெடுத்து ஆராய்ந்தபொழுது, நோய் பையின் தசைச் சுவரினுள் இறங்கிவிட்டிருந்தது.

பையை அகற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் பன்னிரண்டு வாரம் மருந்து என்றது சீட்டு. வீட்டில் பெருங்கலக்கம். "தீப்பிடித்த கூரையை உடனே பிரித்தெறிய வேண்டாமா?" என்றார் மைத்துனர். நமக்கும் அவ்வாறே தோன்றிற்று. மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். நோய் தசையில் இறங்கியபின் அதன் நுண்ணிய விதைகள் குருதி வழியே வேறிடம் சென்றிருக்கக்கூடும். கத்தி பையைத்தான் எடுக்கும். விதையைத் தேடிச் செல்வது மருந்து. அவ்வளவு பெரிய அறுவைக்குப் பின் அம்மருந்தைத் தாங்கும் வலு பலருக்கு இராது. அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஆய்வொன்றில், நேரே அறுவை செய்துகொண்டோரில் சரிபாதிப் பேர் 46 மாதங் கடந்து வாழ்ந்தனர்; மருந்துக்குப் பின் செய்துகொண்டோரில் சரிபாதிப் பேர் 77 மாதங் கடந்தனர். ஆகவே அப்பன்னிரண்டு வாரம் தாமதம் அன்று. அதுவே சிகிச்சையின் முதற்பாதி.

எம்மருந்து என்பது அடுத்த வினா. சீட்டில் இரு வழிகள் இருந்தன. ஒன்று நான்கு மருந்துகளின் கூட்டு: மெத்தோட்ரெக்சேட், வின்பிளாஸ்டின், டாக்சோருபிசின், சிஸ்பிளாட்டின். மற்றது ஜெம்சிட்டாபின், சிஸ்பிளாட்டின் என்னும் இரண்டின் கூட்டு.

இங்கே சற்று வழி விலகுகிறோம். மெத்தோட்ரெக்சேட்டை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையில் மெட்ரிகுலேஷன் தேறியவர். நம் போன்றோர்க்கு இஃது எத்துணை ஆறுதல்! வின்பிளாஸ்டினோ, சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கனடா நாட்டு அறிஞர் பிரித்தெடுத்தது. அதற்காக அச்செடியைக் கசக்கிக் குடித்துவிட வேண்டா; அது நஞ்சு.

பிரான்சு நாட்டில் 500 நோயாளிகளைக் கொண்டு இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டனர். வெஸ்பர் என்பது அவ்வாய்வின் பெயர். நான்கு மருந்துக் கூட்டு இரு வாரத்திற்கொருமுறை ஆறு தடவை. இரண்டு மருந்துக் கூட்டு மூன்று வாரத்திற்கொருமுறை நான்கு தடவை. கணக்கெழுதுவோர்க்கு உடனே விளங்கும், இரண்டும் பன்னிரண்டு வாரமே. அறுவைக்கு முன் மருந்து பெற்றோரில், மூன்றாண்டின் முடிவில் நோய் மீளாதிருந்தோர் நான்கு மருந்தில் நூற்றுக்கு 66; இரண்டில் 56. ஆனால், ஆறு தடவையும் முடிக்க இயன்றோர் நூற்றுக்கு 60 பேரே. நான்கு தடவையும் முடித்தோர் 84. சோர்வும் குமட்டலும் இரத்தச் சோகையும் நான்கு மருந்தில் மிகுதி. டாக்சோருபிசின் இதயத்தைத் தளர்த்தக்கூடும். இரு கூட்டிலும் உள்ள சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கவல்லது; சிறுநீரகம் நலிந்தோர்க்கு ஆகாது. இரண்டு மருந்தோடு துர்வாலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தால் பயன் கூடுகிறது என்று 2024-இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. அதன் விலை எழுத்தர் சம்பளத்திற்கு எட்டாதது.

நம் நண்பருக்குச் சிறுநீரகம் நன்று. இதயம் முன்பே தளர்ந்தது. ஆகவே இரண்டு மருந்துதான் என்றார் மருத்துவர். "உயர்ந்ததை விட்டு மட்டமானதைக் கொடுக்கிறார்களே" என்று அவர் மனைவியார் அழுதார். அந்த அம்மையாருக்கு நாம் சொன்னது இதுதான்: 66 என்னும் எண், நல்ல இதயம் உள்ளவர்களைச் சேர்த்து எடுத்த எண். தளர்ந்த இதயத்தின்மேல் அதைச் சுமத்தினால், அறுவை மேசைக்குப் போகும் முன்பே ஆள் விழுந்துவிடக்கூடும். அழுகை நின்றதா என்றால், அன்று நிற்கவில்லை.

மூன்று தடவை முடிந்தன. நான்காவது அடுத்த வாரம். பீடியை அவர் விட்டுவிட்டார்; மைத்துனர் இன்னும் விடவில்லை.

இனி நம் துறைச் செய்தி ஒன்று. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளருக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்பதன வகுப்பிலும் இரயில் கட்டணம் இல்லை. துணைக்குச் செல்பவர் கால்பங்கு கொடுத்தால் போதும். பலர் இதை அறியாது முழுக்கட்டணம் செலுத்துவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். படிவங்கள் நம் வீட்டில் உள்ளன. ஞாயிறு காலையில் திண்ணைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம்.