வெறுங்காலோடு கிளாஸ்கோவில் ஆடிய சலீம்



உதைபந்தாட்டம் என்றதும் இக்காலத்து இளைஞர் பலருக்குச் சப்பாத்தின் விலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சப்பாத்து இல்லாதவன் அணியில் சேரவே கூசுகிறான். நாமோ ஏறாவூர் மணலிலும் வாவிக்கரை வெளியிலும் வெறுங்காலோடு பந்துதைத்துப் பழகியவர்கள். அதே வெறுங்காலோடு ஸ்கொத்லாந்தின் பெருங் கழகமொன்றுக்கு ஆடிய முகம்மது சலீமைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

இந்து இளைஞர் மேடையில் முஸ்லிம் வீரரின் கதை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1911ஆம் ஆண்டு, கல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தார் வெள்ளையரின் கிழக்கு யோர்க்ஷயர் படையணியை 2-1 எனத் தோற்கடித்தனர். வென்ற பதினொருவரில் பத்துப்பேர் வெறுங்காலர். அந்த இந்துச் சகோதரரின் வெற்றியைக் கண்டு முஸ்லிம் ஆட்டக்காரர் துள்ளிக் குதித்ததாக அந்நாளைய முஸ்லிம் பத்திரிகையொன்று எழுதியது. பிற்காலத்தில் அதே மைதானங்களில் இரு சமூகத்தவரும் முறைத்துக்கொண்டதும் உண்மையே. இரண்டும் நடந்தன, எதை நாம் கைக்கொள்வது என்பது நம் கையில். அயலில் முஸ்லிம் மக்களோடு வாழும் ஏறாவூராருக்கு இது வெறும் கல்கத்தாக் கதையன்று.

சலீம் 1904இல் கல்கத்தாவில் பிறந்தவர். மொகமடன் ஸ்போட்டிங் கழகத்தின் ஓரத்து முன்னணி ஆட்டக்காரர். 1934இல் அக்கழகம் கல்கத்தா லீக் போட்டியில் முதலிடம் பெற்றது. அதற்குமுன் எந்த இந்தியக் கழகமும் பெறாத வெற்றி அது. 1938 வரை ஐந்து ஆண்டும் முதலிடம் அவர்களுக்கே.

1936இல் சலீம் தம் சகோதரர் ஹாஷிமுடன் கிளாஸ்கோ நகர் சேர்ந்தார். செல்ற்றிக் கழகத்தின் முகாமையாளர் வில்லி மேலியிடம் சகோதரர் வாய்ப்புக் கேட்டார். சப்பாத்தணியாது ஆடுபவர் என்றறிந்து மேலி வியந்தாராம். ஆயினும் சோதித்துப் பார்க்க இசைந்தார். பார்த்தார், சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டு ஓகஸ்ற் 28ஆம் திகதி கால்ஸ்ரன் அணிக்கெதிரே சலீம் களமிறங்கினார். செல்ற்றிக் 7-1 என வென்றது. மறுநாட் பத்திரிகை அவரை இந்திய வித்தைக்காரர் என்று வருணித்தது.

அந்நாட்களில் எடுத்த புகைப்படமொன்று உண்டு. ஜிம்மி மக்மெனமி என்பார் செல்ற்றிக்கின் பழம்பெரும் வீரர், அப்போது பயிற்சியாளர். அவர் சலீமின் பாதத்துக்குத் துணிப்பட்டி சுற்றுகிறார். இந்தியர் வெள்ளையருக்குச் சப்பாத்துத் துடைத்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்! ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் பேசிய எத்தனையோ பேச்சுகளைவிட இந்தப் படம் நம் மனத்தைத் தொடுகிறது.

மிகைப்படுத்த வேண்டாம். சலீம் அங்கு ஆடியவை இரண்டே ஆட்டங்கள். அவையும் முதல் அணிக்கல்ல, மாற்றணிக்கு. பின் ஊர் நினைவு அவரை வாட்டியது. கழகத்தார் இருக்கச் சொல்லியும் கேளாது திரும்பி, மீண்டும் கல்கத்தாவில் ஆடினார். கைக்கெட்டிய புகழை உதறிய பேதைமை என்பாரும் உளர். நாம் அப்படி எண்ணவில்லை. ஊரைவிட்டுப் படிக்கப்போன எவருக்கும் அந்த ஏக்கம் விளங்கும். சப்பாத்து வேண்டாம் என்பதும் நம் வாதமன்று. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர் பலர் வெறுங்காலோடு ஆடி பிரான்சிடம் 2-1 எனத் தோற்றனர். ஈரப்புல் யாருக்கும் இரங்காது.

செல்ற்றிக் கழகம் தொடங்கிய கதையும் சொல்லத்தக்கது. 1887இல் வோல்பிறிட் என்ற கத்தோலிக்கத் துறவி, கிளாஸ்கோவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டவே அதை அமைத்தார். ஆட்ட வருமானத்தில் தமக்குத் தர முன்வந்த பங்கை அவ்வூர் அநாதைப் பிள்ளைகளுக்கே கொடுக்கும்படி சலீம் சொன்னதாக அவர் மகன் கூறியுள்ளார்.

சலீம் 1980இல் மறைந்தார். அதற்குமுன் அவர் நோயுற்றிருந்தபோது, மகன் செல்ற்றிக் கழகத்துக்குக் கடிதமெழுதினார். பணம் கேட்பதல்ல அவர் நோக்கம். தந்தையை அங்கே யாரும் இன்னும் நினைக்கிறார்களா என்றறியவே எழுதினார். மறுமொழியோடு 100 பவுணுக்கு வங்கி உண்டியல் வந்தது. அதை அவர் மாற்றவேயில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டார்.