கைத்தடை

மேட்டில் வண்டியை நிறுத்தும் வண்டிக்காரர், சக்கரத்தின் அடியில் ஒரு கல்லை வைத்த பிறகே மாடுகளை அவிழ்ப்பார். மோட்டார்க் காரில் அந்த முட்டுக்கட்டையின் வேலையைச் செய்வது கைத்தடை. 'ஹாண்டு பிரேக்' என்று வழங்குவது அதனைத்தான். மாணவ நண்பர்களே, அது இயங்கும் விதத்தை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

காலால் மிதிக்கும் பிரேக் இருக்கையில் கையால் இழுப்பது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கால் பிரேக் திரவத்தின் அழுத்தத்தால் இயங்குவது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் பரவும் என்னும் பாஸ்கல் விதியே அதற்கு அடிப்படை. ஆனால், காலை எடுத்தவுடன் அவ்வழுத்தம் மறைந்துவிடும். திரவம் கசிந்தாலோ, மிதித்தும் பயனிராது. ஆகவே, திரவத்தை நம்பாத தனி வழியொன்று வேண்டியதாயிற்று.

கைப்பிடி ஒரு நெம்புகோல். அதன் நீண்ட புயம் குறுகிய புயத்தைப்போல் 6 மடங்கானால், 20 கிலோ விசையுடன் இழுக்கும்போது, உராய்வு நீங்கலாக, 120 கிலோ விசை கிடைக்கும். அவ்விசையை எஃகுக் கம்பிவடம் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. அங்கே உருளையினுள் இருக்கும் இரு பிரேக் கட்டைகள் விரிந்து, உருளையின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கின்றன. இழுக்கும்போது 'கிரிக், கிரிக்' என ஓசை கேட்கிறதல்லவா? பற்களின்மீது ஒரு கொண்டி ஏறி ஏறி விழும் ஓசை அது. கையை எடுத்தாலும் கொண்டி விடாது. நுனியிலுள்ள பொத்தானை அழுத்தினால் கொண்டி விலகும். சுருள்வில் கட்டைகளைப் பின்னிழுக்கும். இக்காலக் கார்கள் பலவற்றில் சிறு மின்மோட்டாரே இவ்வேலையைச் செய்கிறது.

1,000 கிலோ எடையுள்ள கார் 10 டிகிரிச் சரிவில் நின்றால், ஏறத்தாழ 174 கிலோ எடைக்குச் சமமான விசை அதைக் கீழ்நோக்கி இழுக்கும். சரிவின் அடியில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம். எனவே கைத்தடையை இழுப்பதோடு, கியரிலும் நிறுத்துவது நலம்.

ஓடும் காரில் கால் பிரேக் கைவிட்டால் கைத்தடை உதவும். ஆயினும் வெடுக்கென இழுத்தால் பின்சக்கரங்கள் இறுகி, கார் சறுக்கிச் சுழலக்கூடும். பொத்தானை அழுத்தியவாறே, சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஆபத்து வேளையில் வேண்டுவது வலிமை மட்டுமன்று, நிதானமும் ஆகும்.