ஒன்றும் நடக்காத நாளின் பாவம்

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறன்று ஒலிபரப்பான வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: லூக்கா 13:1-9)



இன்றைய நற்செய்தியில் சிலர் ஆண்டவரிடம் ஒரு துக்கச் செய்தியோடு வருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்பது அந்தச் செய்தி. அதைக் கேட்ட இயேசு, அவர்கள் கேட்காத இன்னொரு நிகழ்வையும் எடுத்துச் சொல்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்துபோனார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, அவரே 'இல்லை' என்று பதிலும் சொல்கிறார். அதோடு நிறுத்தவில்லை. மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்று, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார்.

எண்ணூரில் வாழும் நமக்கு இந்த நற்செய்தி தூரத்துக் கதை அல்ல. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவு நெருங்கும் நேரம், பெரியகுப்பத்திலும் அதைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் மூக்கையும் கண்ணையும் எரிக்கும் நெடி பரவியது. கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோவிலும் பைக்கிலும் கால்நடையாகவும் மக்கள் இருட்டில் ஓடினார்கள். 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றையும் முகத்துவாரத்தையும் வீட்டுச் சுவர்களையும் கறுப்பாக்கியிருந்தது. படகிலும் வலையிலும் ஒட்டிய அந்த எண்ணெய் போவதற்குள் இது.

அந்த வாரம் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "நாங்க இன்னா பாவம் பண்ணோம் சாமி? எங்களுக்கே ஏன் இப்புடி வருது?"

அன்பார்ந்தவர்களே, அந்தப் பாட்டிக்கு ஆண்டவர் தரும் பதில் தெளிவானது. 'நீங்கள் பாவம் செய்ததால் அல்ல.' பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் சொன்ன பதில் இதுதான். அடிபட்டவரைப் பார்த்து, "அவர் ஏதோ செய்திருப்பார்" என்று சொல்வது நம்மிடம் உள்ள பழைய நோய். ஆண்டவர் அந்த வாயை அடைக்கிறார்.

ஆனால் இங்கே இன்னொரு பக்கமும் உண்டு. பாட்டியின் பாவம் இல்லை என்றால், இது யாருடைய பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுமா? டிசம்பர் 26 என்றதும் நமக்கு 2004-ம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நினைவுக்கு வருகிறது. அன்று கடல் எழுந்ததற்கு எந்த மனிதக் கையும் காரணமில்லை. குழாய் அப்படி இல்லை. அதை ஒருவர் வடிவமைத்தார், ஒருவர் பதித்தார், ஒருவர் சோதிக்க வேண்டும், ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் 'விதி' என்று சொல்லிவிட்டால், கடவுள்மேல் பழியைப் போட்டு மனிதரை விடுவிக்கிறோம். சீலோவாம் கோபுரமும் தானாக முளைத்ததல்ல. அதைக் கட்டிய கை ஒன்று இருந்தது. விரிசலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்துபோன கண்களும் இருந்திருக்கலாம்.

2017 ஜனவரி 28 அதிகாலை நமக்கெல்லாம் நினைவிருக்கும். காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய பாதிப்பு இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. ஆனால் எர்ணாவூர்க் கரையில் அலை கறுப்பாக வந்து மோதியது. 100 டன்னுக்கும் அதிகமான எண்ணெய் கடலில் கலந்திருந்தது. கடலோரக் காவல் படையினரோடு கல்லூரி மாணவர்களும் மீனவர்களும் வாளியால் அந்தச் சேற்றை அள்ளினார்கள். நம்முடைய இளைஞர்களும் அள்ளினார்கள். கடலைக் கெடுக்க வேண்டும் என்று எந்த மாலுமியும் அன்று காலை எண்ணியிருக்க மாட்டார். ஆனாலும் ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. பல நாள் மீன் வாங்க ஆள் இல்லை. எண்ணம் இல்லாமலே காயம் உண்டாயிற்று.

அப்படியானால் ஒரு செயலை எதை வைத்துத் தீர்ப்பிடுவது? எண்ணத்தை வைத்தா, விளைவை வைத்தா?

நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: செய்த செயல் எது, செய்தவரின் நோக்கம் எது, சூழ்நிலை எது. விளைவு என்பது சூழ்நிலையைச் சேர்ந்தது. அது குற்றத்தின் கனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கெட்ட செயலை நல்ல செயலாக்க அதனால் முடியாது. இன்னொன்றையும் அந்நூல் சொல்கிறது. தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமலும், செய்திருக்க வேண்டியதைச் செய்யாமலும் விட்டதால் ஒரு தீங்கு வந்தால், அதற்கும் நாம் பொறுப்பு. அதற்கு அது காட்டும் எடுத்துக்காட்டு, சாலை விதிகளை அறியாததால் நேரும் விபத்து.

சாலை விபத்து என்றதும் நான் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கன்டெய்னர் லாரி ஓட்டுநர். துறைமுக வாசலில் இரவெல்லாம் வரிசையில் நின்றுவிட்டு, விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தார். 'எங்கே இருக்கிறாய்' என்று கேட்டு முதலாளியிடமிருந்து போன் வந்தது. கண்ணை எடுத்துப் போனைப் பார்த்தார். சைக்கிளில் டீ விற்கும் பெரியவர் ஒருவர் மீது வண்டி மோதியது. மூன்றாம் நாள் அந்தப் பெரியவர் மருத்துவமனையில் இறந்துபோனார்.

ஓட்டுநரைக் காவல்துறை கைது செய்தது. அவருடைய மனைவி கோவிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த மாத அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடக்க வேண்டிய முறை. "இப்போ அந்த வீடு வேணாமே" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அங்கே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜாமீனில் வந்த பிறகு அவருக்குப் புத்திமதி சொல்லலாம் என்று போனேன். "கொஞ்சம் கவனமா ஓட்டியிருக்கலாமே" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்தான் சாமி கண்ணை எடுத்தேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அதே மாதம், அதே சாலையில், நான் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்து யார் என்று பார்த்தேன். இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து பள்ளிச் சிறுவன் ஒருவன் ஓடிவந்தான். பிரேக் போட்டேன். என் கைப்பிடி அவன் புத்தகப் பையை உரசியது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிப்போனான். "கடவுளே, நன்றி" என்று சொன்னேன். மாலைத் திருப்பலி நிறைவேற்றினேன். மறந்துவிட்டேன். அதைப் பாவம் என்றுகூட நான் நினைக்கவில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, அவர் செய்ததும் நான் செய்ததும் ஒரே செயல். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாண் என் நல்லொழுக்கத்தால் வந்ததல்ல. ஆனால் அவர் சிறைக்குப் போனார், நான் அவருக்குப் புத்திமதி சொல்லப் போனேன்.

சீலோவாமைப் பற்றி ஆண்டவர் சொன்னதை அன்றைக்குத்தான் முழுமையாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அகப்பட்டவர் பெரிய பாவி அல்ல என்பதோடு, தப்பித்தவர் நல்லவர் என்றும் ஆகிவிடாது. ஒன்றும் நடக்காமல் போனது நமக்குக் கிடைத்த விடுதலைத் தீர்ப்பு அல்ல. அது நமக்குத் தரப்பட்ட தவணை.

நம்மில் எத்தனை பேர் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்க்கிறோம்! பார்க்காமலே பதிவேட்டில் எண்ணை எழுதிவிட்டு, "தினமும் அதே எண்தானே" என்கிறோம். வால்வு சரியில்லை என்று தெரிந்தும், சொன்னால் மேஸ்திரி திட்டுவார் என்று பேசாமல் இருக்கிறோம். வீட்டுக் குப்பையைக் கால்வாயில் கொட்டுகிறோம். நூறு நாள் ஒன்றும் நடக்காது. நூற்றியோராவது நாள் ஏதாவது நடந்தால், அன்றைக்கு யார் ஷிப்டில் இருந்தாரோ அவர் மட்டும் குற்றவாளி. மீதி நூறு நாளும் அதையே செய்தவர்கள் அவரைச் சுற்றி நின்று கல்லெறிவார்கள். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொள்ளும்போது, கடமையில் தவறியதையும் சேர்த்துத்தானே அறிக்கையிடுகிறோம்? அந்த ஒரு சொல்லை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பெரிய ஆலைகளையும் ஒன்றும் கேட்கக் கூடாதா சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். அது அப்படி அல்ல. மிகுதியாகக் கொடுக்கப்பட்டவரிடம் மிகுதியாகக் கேட்கப்படும் என்பது ஆண்டவரின் கணக்கு. என் பைக் ஒரு சிறுவனைக் காயப்படுத்தலாம். ஒரு குழாய் ஓர் ஊரையே காயப்படுத்தலாம். தீங்கு செய்யும் ஆற்றல் பெருகப் பெருகக் கவனமும் பெருக வேண்டும். வெள்ளத்தில் எண்ணெய் வந்தபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி சுத்திகரிப்பு ஆலையைக் காட்டியது. ஆலையோ எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் பாம்பைக் காட்டினாள். எல்லா விரலும் வெளியே நீண்டிருக்கும் இடத்தில், நடுவில் காயப்பட்டவர் கேட்பாரற்றுக் கிடக்கிறார். அவருக்காகப் பேசுவது பகைமை அல்ல. பெரியகுப்பத்தில் நம் மக்கள் பல நாள் தொடர்ந்து உட்கார்ந்து, பாதுகாப்பையும் பதிலையும் கேட்டது நீதிக்கான குரல். தாவீது அரசரிடம் போய் நாத்தான் பேசியதும் இத்தகைய குரல்தான். தாவீது மனம் வருந்தினார், மன்னிப்பும் பெற்றார். ஆனாலும் உரியா உயிரோடு திரும்பி வரவில்லை. மன்னிப்பு விளைவை அழித்துவிடுவதில்லை.

அதனால்தான் சக்கேயு நமக்கு வேண்டும். இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் அவர் தன் நோக்கத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. 'எல்லா வரிதண்டுவோரும் இப்படித்தான்' என்று சொல்லவில்லை. யாரை ஏமாற்றினேனோ அவருக்கு நான்கு மடங்கு என்று கணக்குப் போட்டார். மனமாற்றத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அன்பார்ந்தவர்களே. அது காயப்பட்டவரின் வாசலில் போய் நிற்கும்.

அந்த ஓட்டுநர் நின்றார். வழக்கு ஒருபுறம் நடக்கிறது. அவர் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனார். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை அன்பியத் தலைவர் கூடப் போனார். இப்போது மாதம்தோறும் தம் சம்பளத்தில் ஒரு பங்கை அங்கே கொடுக்கிறார். அந்தக் குடும்பத்தார் வாங்கிக்கொள்கிறார்கள், அவரோடு பேசுவதில்லை. மன்னிப்பைக் கேட்டு வாங்கும் உரிமை தமக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் போகிறார். அவரைப் பார்த்த பிறகு, அந்தச் சிறுவனின் புத்தகப் பையை ஒப்புரவு அருளடையாளத்தில் நான் அறிக்கையிட்டேன். வண்டியில் ஏறினால் போனை அணைத்துவிடுகிறேன். தள்ளிவைத்த அன்பியக் கூட்டத்தை அடுத்த மாதம் அந்த ஓட்டுநரின் வீட்டிலேயே நடத்தினோம்.

இன்றைய நற்செய்தி அத்திமர உவமையோடு முடிகிறது. மூன்று ஆண்டாகக் கனி இல்லாத மரத்தை வெட்டிவிடு என்கிறார் தோட்டத்தின் உரிமையாளர். தோட்டத் தொழிலாளரோ அது நல்ல மரம் என்று வாதாடவில்லை, கனி இல்லை என்பதை மறைக்கவும் இல்லை. இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். அந்த ஓர் ஆண்டு முழுவதும் தாமே சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகச் சொல்கிறார். ஒருவரைத் தீர்ப்பிட நமக்கு ஆசை வரும்போது, மண்வெட்டியை எடுக்கவும் நாம் தயாரா என்று கேட்டுக்கொள்வோம்.

இந்த வாரம் ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இன்று ஒன்றும் நடக்காததால் நான் மறந்துவிட்ட தவறு எது? நாளை அதைத் திருத்துங்கள். யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தால், அவர் வாசலுக்குப் போங்கள்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்களுக்குத் தவணை தந்ததற்கு நன்றி. அகப்பட்டவரைத் தூற்றாத மனதையும், காயப்பட்டவரைக் கைவிடாத துணிவையும் எங்கள் எண்ணூருக்குத் தாரும். எங்கள் ஆறும் கடலும், அவற்றை நம்பி வாழும் பிள்ளைகளும் உம்முடைய பாதுகாவலில் இருக்கட்டும். ஆமென்.