தீஸ்தா நதிக்கரை மேட்டில் ஒரு பல மொழி ஊர்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



வட இந்தியாவில் ஊழியஞ்செய்யப் புறப்படும் நர்ஸ் பிள்ளைகளிடம், "இந்தி கற்றுக்கொண்டால் போதும்" என்று நாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தோம். அந்த ஆலோசனை எவ்வளவு குறைவுள்ளது என்பதைக் காலிம்போங் என்ற மலையூர் நமக்குக் கற்றுத்தருகிறது.

மேற்கு வங்காளத்தின் வடகோடியில், தேலோ, துர்பின் என்னும் இரு குன்றுகளுக்கு நடுவே, சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இவ்வூர் அமைந்திருக்கிறது. வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்கா தெரியும். கீழே தீஸ்தா நதி ஓடுகிறது. மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடுவது இங்கே வழக்கம். 2023 அக்டோபர் 4ஆம் தேதி சிக்கிமில் பனியேரி ஒன்று உடைந்தபோது, நதியோரக் குடும்பங்கள் பல வீடிழந்தன.

சிக்கிம் அரசர்களிடம் இருந்த இப்பகுதி பின்பு பூட்டான் வசமாயிற்று. 1865ஆம் ஆண்டு சின்ச்சுலா உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஜெலப் லா கணவாய் வழியாகத் திபெத்தியக் கம்பளி மூட்டைகளைச் சுமந்து கோவேறு கழுதைகள் இவ்வூருக்கு வந்தன. 1962ஆம் ஆண்டு சீன யுத்தத்தோடு அவ்வழி அடைபட்டது, வியாபாரமும் நின்றது.

வியாபாரம் நின்றாலும் மொழிகள் நிலைத்தன. பூர்வகுடிகளான லெப்சா மக்கள் இன்று அங்கே சிறுபான்மையினர். ஆயினும் அவர்கள் மொழிக்குத் தனி எழுத்து உண்டு. கடைவீதியின் பொதுமொழி நேபாளி. 1992ஆம் ஆண்டு அது நம் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. திபெத்தியம், பூட்டியா, லிம்பு, வங்காளம், இந்தி ஆகியவையும் அவ்வூரில் உண்டு.

முன்னோடி மிஷனெரிமார் இதை அறிந்திருந்தார்கள். 1889ஆம் ஆண்டு அங்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனெரி ஜான் ஆண்டர்சன் கிரஹாம் 1900ஆம் ஆண்டு ஆதரவற்ற பிள்ளைகளுக்கென இல்லம் தொடங்கினார். 1890களில் அந்த மிஷன் ஒரு மருத்துவமனையும் நிறுவியது. கின்னௌரில் பிறந்த தார்சின் என்ற விசுவாசி 1925 முதல் 1963 வரை இவ்வூரிலிருந்தே திபெத்திய மொழியில் ஒரு செய்தித்தாள் நடத்தினார். உலக நடப்பை அம்மக்களின் சொந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பது அவர் பாரமாயிருந்தது.

மருத்துவமனை வார்டுகளில் நாம் அடிக்கடி காண்கிற உண்மை ஒன்றுண்டு. சுகமாயிருக்கையில் மனிதன் எந்தப் பாஷையிலும் பேசிவிடுவான். வலி வந்தால் தாய் கற்றுத்தந்த பாஷையில்தான் முனகுவான். "எங்கே வலிக்கிறது?" என்று இந்தியில் கேட்டால் லெப்சாப் பாட்டியம்மா தலையை மட்டும் அசைத்துவிடலாம். அந்தத் தலையசைப்பை நம்பி மருந்து கொடுப்பது ஆபத்து. அந்தப் பாட்டியம்மா தனிமையில் கிடப்பது அதைவிடப் பெரிய துயரம்.

ஆகையால் இனிமேல் வடக்கே போகும் பிள்ளைகளிடம் நாம் வேறு வார்த்தை சொல்லுவோம்: "நோயாளியின் மொழியில் பத்துச் சொற்களாவது கற்றுக்கொண்டு கட்டிலருகே போங்கள்." பெந்தெகொஸ்தே நாளில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டதை நாம் அறிவோம். நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்தும் கட்டிலும் வாங்கித்தரும். மொழி கற்கும் பொறுமையை உங்கள் ஜெபங்களே எங்களுக்குப் பெற்றுத்தரும்.

காலிம்போங் மலைமக்களை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.