கப்பலுக்குப் போகும் பிள்ளை

கேள்வி கேட்பது என் தொழில். இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கப்பலில் வேலை பார்த்தவள் அல்ல. ஆனால், நிகழ்ச்சிக்காகக் கடல் துறை இளைஞர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பாதியில் விட்டு வந்தவர்கள் சொன்னதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கப்பல் அதிகாரிகளுக்குப் பஞ்சம் என்பது உண்மை. 2026க்குள் உலகக் கப்பல்களுக்கு மேலும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவர் என்று அனைத்துலகக் கப்பல் துறை அமைப்புகள் 2021இல் கணித்தன. நம் கிள்ளான் துறைமுகமோ, 20 அடிக் கொள்கலன் கணக்கில், 2023இல் மட்டும் சுமார் 14 மில்லியன் கையாண்டது. அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளிலேயே எத்தனை பேருக்குக் கப்பல் அதிகாரியாகும் வழி தெரியும்?

ஆள் சேர்ப்பது பெரிய சிரமமில்லை. கல்விக் கண்காட்சியில் வெள்ளைச் சீருடையைக் காட்டி, டாலரில் சம்பளம் என்று சொன்னால், எஸ்.பி.எம். முடித்த பையன் கையெழுத்துப் போடத் தயார். அந்த மேசையில் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. வகுப்பில் தேறினால் மட்டும் அதிகாரியாகிவிட முடியாது. அனைத்துலக விதிப்படி, மேல்தள அதிகாரியாக விரும்புபவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சியின் பகுதியாகக் குறைந்தது 12 மாதம் கடலில் பணியாற்றியிருக்க வேண்டும். அது இல்லாமல் தகுதிச் சான்றிதழ் இல்லை. கேடட்டாக ஏற ஒரு கப்பல் வேண்டும். அந்த இடத்தைத் தர வேண்டியது கப்பல் நிறுவனம்.

நான் சந்தித்த ஒரு தம்பி, வகுப்புப் பாடங்களை முடித்துவிட்டு ஒன்றரை ஆண்டு கப்பலுக்காகக் காத்திருந்தார். கப்பல் வரவில்லை, கல்விக் கடனைக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. இப்போது கிடங்கு ஒன்றில் வேலை. “கடல் பிடிக்காமல் திரும்பி வந்தேன் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். நான் கடலுக்கே போகவில்லை அக்கா” என்றார். கப்பலில் இடத்தை உறுதி செய்யாமல் மாணவர்களைச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கப்பல் கிடைத்தவர்களின் கதை வேறு. முதல் மாதங்களில் துரு சுரண்டுவது, சாயம் பூசுவது, விடியற்காலைக் காவல் பணி. அந்த வேலையைக் குறை சொன்னவர்கள் குறைவு. நான்காம் மாதத்தில் இறங்கிவிட்ட ஒருவர், கப்பலில் தன் வயதுக்காரர் யாருமே இல்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பாட்டி இறந்த செய்தி அவருக்குப் பத்து நாள் கழித்துத் தெரிந்திருக்கிறது. இரண்டு கேடட்களை ஒரே கப்பலில் அனுப்பியிருந்தால், கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஓர் அதிகாரியிடம் பெயர் சொல்லி ஒப்படைத்திருந்தால், அவர் நிலைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். பெண் கேடட்டுக்கு இது இன்னும் அவசியம். 2021 கணக்குப்படி உலகக் கடலோடிகளில் பெண்கள் 2 விழுக்காடு கூட இல்லை.

சட்டம் முன்பு போல் இல்லை. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். முடிந்தவரை இணைய வசதியும் தர வேண்டும் என்ற விதி 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஆனாலும் 2020இல் கோவிட் காலத்தில் லட்சக்கணக்கானோர் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கிக் கிடந்தார்கள். தாய்மார்கள் பயப்படுவதில் தவறில்லை.

ஒரு பதிவு முடிந்த பிறகு, ஓர் அம்மா என்னிடம் வந்து, “என் மகனுக்கு நீச்சல் தெரியாது, சேர்த்துக்கொள்வார்களா?” என்று கேட்டார். நீச்சலைக் கற்றுக்கொள்ளலாம் அம்மா, பணம் கட்டுவதற்கு முன்னால் கண்ணைப் பரிசோதியுங்கள் என்றேன். இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. அந்த நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர் மேல்தள அதிகாரியாக முடியாது. பிறகு, எந்த நிறுவனம், எந்த மாதம் மகனைக் கப்பலில் ஏற்றும் என்று எழுத்தில் கேளுங்கள் என்றேன். அவர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நிகழ்ச்சி அழைப்பிதழின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டார்.