வயிற்றுவலி பாசாங்கு அல்ல
(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)



என் கையிலுள்ள தாள் ஆடுவது முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் வகுப்பெடுத்தவனுக்கே இப்படியென்றால், பத்து வயசுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

முன்பு நான் வேறொரு பள்ளியில் இருந்தபோது, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி திருக்குறள் மனனப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். போட்டியன்று காலை அவள் அம்மா வந்து, "சார், ராத்திரியெல்லாம் வயித்து வலின்னு அழுவுறா. இந்தத் தடவை விட்டுடுங்க" என்றார். நானும் இரக்கப்பட்டுப் பெயரை அடித்துவிட்டேன். அது என் பிழை. அடுத்த மாதம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே வயிறு வலித்தது. பிறகு சபைகூடல் நாளில் பள்ளிக்கே வருவதில்லை. இருக்க இடங்கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பது இந்தப் பயந்தான்.

பெற்றோர்களே, அந்த வலியைப் பாசாங்கு என்று திட்டாதீர்கள். பயம் வந்தால் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது. வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குப் பாய்கிறது. வயிறு புரளாமல் என்ன செய்யும்?

அவளுக்கு முதலில் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தோம். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விட வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். ஆனால் மூச்சு மட்டும் போதாது. பயப்படும் காரியத்தையும் செய்தாக வேண்டும், சிறு சிறு துண்டாக. ஒரே ஒரு குறளை முதலில் பாட்டியிடம் சொன்னாள். அப்புறம் பக்கத்து இருக்கைத் தோழியிடம். பிறகு ஆசிரியர் அறையில் மூன்று பேர் முன்னால். இந்த மூன்றாவது படியில் பல வாரம் நின்றுவிட்டாள், நாங்களும் அவசரப்படுத்தவில்லை. (சாப்பாடும் தூக்கமும் கெடும் அளவுக்குப் போனால் ஆலோசக ஆசிரியரையும் மருத்துவரையும் பார்ப்பதுதான் முறை.)

மறு ஆண்டு மேடையேறினாள். நாலாவது குறள் மறந்துபோச்சு. மண்டபமே மௌனம். அம்மா பதறி எழுந்தார், நான் கையமர்த்தினேன். பிள்ளை கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டு, அடுத்த குறளிலிருந்து தொடர்ந்தாள்.

பரிசு கிடைக்கவில்லை. இறங்கி வந்ததும் என்னிடம் கேட்டாள்: "சார், அடுத்த வருஷமும் பேர் கொடுக்கலாமா?"