வலிக்கும் ஒரு குறிப்பேடு



நான்கு ஆண்டுகளாக எனக்கு உடம்பு முழுக்க வலி. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்க முடியாது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரியாகவே இருந்தன. "ஒண்ணுமில்லை டீச்சர், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் மருத்துவர். ஆனால் வலி நிற்கவில்லை.

பாடக்குறிப்பு எழுதும் பழக்கம்தான் கைகொடுத்தது. வலி எந்த இடத்தில், எந்நேரம், பத்துக்கு எத்தனை, உறக்கம் எப்படி, எந்த வேலை தடைப்பட்டது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதினேன். அடுத்த முறை அதை மருத்துவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பினார். அவர் ஃபைப்ரோமயால்ஜியா என்றார். நரம்பு மண்டலம் வலியை மிகுதியாக உணரும் நிலை அது, எக்ஸ்ரேயில் தெரியாது. தினமும் நடைப்பயிற்சி, ஒழுங்கான உறக்கம், கொஞ்சம் மருந்து. வலி போய்விடவில்லை, குறைந்திருக்கிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். எனக்கு வலி வருவதற்கு முன், மாதாமாதம் வயிற்றுவலி என்று சொன்ன எட்டாம் வகுப்பு மாணவியிடம், "நடிக்காதே, உட்கார்" என்றவள் நான். இப்போது எந்தப் பிள்ளை வலி என்றாலும் முதலில் கேட்கிறேன்: "எங்கேம்மா வலிக்குது? எப்போதிருந்து?" நீங்களும் கேளுங்கள்.